குழாய்நீரும் எலும்பும்: டயாலிசிஸ் வரலாற்றில் அலுமினியம்

1960 மார்ச்சில் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கைத் தமனியையும் சிரையையும் டெஃப்லான் குழாயால் இணைத்து, ஒருவருக்கே மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்யும் வழியைத் திறந்தார். சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய வாழ்வு ஆண்டுகளாக நீண்டது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் எலும்பு நோய் முழு உருவில் வெளிப்படும் அவகாசமும் அந்த ஆண்டுகளில்தான் கிடைத்தது.

நோய் புதிதல்ல. 1940களின் தொடக்கத்திலேயே பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் லியுவும் சூவும் சிறுநீரக நோயாளிகளின் எலும்புச் சிதைவை விரிவாக ஆராய்ந்திருந்தனர். 1970இல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் வைட்டமின் டி-யின் செயலூக்க வடிவம் சிறுநீரகத்தில்தான் உருவாகிறது என்று காட்டினர். அத்துடன் விளக்கம் முழுமை பெற்றதாகவே தோன்றியது. பாஸ்பேட் தேங்குகிறது, வைட்டமின் டி குறைகிறது, இரத்தத்தில் கால்சியம் தாழ்கிறது. அதை ஈடுகட்ட மிகையாகச் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பை அரிக்கிறது.

இங்கிலாந்தின் நியூகாசில் நோயாளிகளுக்கு இந்த விளக்கம் பொருந்தவில்லை. பெரிய அடி எதுவும் படாமலே அவர்களுக்கு எலும்புகள் முறிந்தன. டேவிட் கெர் தலைமையிலான குழு எலும்புத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தாது படியாத மென்தளமே அகன்று கிடந்தது. வைட்டமின் டி கொடுத்தும் பெரும்பாலோர் தேறவில்லை. பிரிட்டனின் வேறு சில மையங்களிலோ இத்தகைய முறிவுகள் அரிது. நோய் ஒன்று, சிகிச்சையும் ஏறத்தாழ ஒன்று. ஊர் மட்டுமே வேறு. அப்படியானால் அந்தந்த ஊரின் தண்ணீரைத்தானே சந்தேகிக்க வேண்டும்?

நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் நீர் நோயாளியின் இரத்தத்தை மெல்லிய சவ்வுக்கு அப்பால் தொட்டுச் செல்கிறது. நகராட்சிகள் நீரைத் தெளியவைக்க அலுமினியம் சல்பேட் சேர்ப்பது வழக்கம். நம் வீடுகளில் கலங்கல் நீரில் படிகாரம் போடுவதும் இதே வேதியியல்தான். குடிப்பவரின் குடல் அலுமினியத்தைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. சவ்வுக்கு அந்தக் காவல் இல்லை. உள்ளே வந்ததை இரத்தப் புரதமான டிரான்ஸ்ஃபெரின் பற்றிக்கொள்வதால், அது நீருக்குத் திரும்புவதும் அரிது. எலும்பில் தாது படியும் விளிம்பிலேயே அது போய்த் தங்கி, படிவதைத் தடுத்துவிடுகிறது.

1976இல் அமெரிக்காவில் ஆல்ஃப்ரி குழுவினர், டயாலிசிஸ் பெறுபவர்களைத் தாக்கிய ஒருவகை மூளைநோயால் இறந்தவர்களின் மூளைச் சாம்பல்பொருளில் அலுமினியம் கிலோவுக்கு 25 மில்லிகிராம் இருப்பதை அளந்தனர். சிறுநீரக நோய் இல்லாதவர்களிடம் அது 2.2 மட்டுமே. பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தத் தரப்பட்ட அலுமினியம் ஹைட்ராக்சைடு மருந்தின் மேல் அவர்களின் சந்தேகம் விழுந்தது. நியூகாசில் குழு 1978இல் லான்செட் இதழில் தண்ணீரைச் சுட்டியது: அயனி நீக்கிய நீரைப் பயன்படுத்தியவர்களைவிட, வெறுமனே மென்மையாக்கிய நீரைப் பயன்படுத்தியவர்களிடமே எலும்பு நோய் மிகுதி. அடுத்த ஆண்டு பிரிட்டனின் 18 மையங்களில் நடந்த கணக்கெடுப்பு, முறிவும் மூளைநோயும் நீரின் அலுமினிய அளவோடு சேர்ந்து ஏறுவதைக் காட்டியது. இரு சந்தேகங்களும் சரியே. நோயாளி நலம் பெறுவதற்காகச் செய்த இரண்டு காரியங்களே அவர் எலும்பைக் கெடுத்தன என்பது இவ்வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி.

நீரைச் சுத்திகரிக்க எதிர்ச்சவ்வூடுபரவல் கருவிகள் வந்தன. டயாலிசிஸ் நீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அலுமினியம் என்ற உச்சவரம்பும் வந்தது. மருந்தில் அலுமினியத்தின் இடத்தைக் கால்சியம் கார்பனேட் பிடித்தது. ஆனால் 2000இல் குட்மன் குழுவினர், டயாலிசிஸ் பெறும் இளம் வயதினரின் இதயத் தமனிகளிலேயே கால்சியம் படிந்திருப்பதைப் படம்பிடித்துக் காட்டினர். படிவு இருந்தவர்கள், இல்லாதவர்களைவிடக் கால்சியம் மாத்திரையை மிகுதியாக உட்கொண்டிருந்தனர். பாராதைராய்டை அளவு மீறி அடக்கினால் எலும்பு தன்னைப் புதுப்பிப்பதையே நிறுத்திவிடும் என்பதும் தெளிவாயிற்று. சிறுநீரக நோய்க்கான உலகளாவிய கேடிகோ (KDIGO) வழிகாட்டி 2017இல் கால்சியம் சார்ந்த மருந்துகளின் அளவைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது.

நியூகாசிலில் உண்மையைக் காட்டிய இடுப்பெலும்புத் துணுக்குச் சோதனை இன்று அரிதாகவே செய்யப்படுகிறது. பாராதைராய்டு ஹார்மோன் அளவு இயல்பின் மேல் எல்லையைப் போல 2 முதல் 9 மடங்குக்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது கேடிகோ 2009இல் வகுத்த வரையறை. அவ்வளவு அகன்ற இடைவெளிக்குள் வேகமாகக் கரையும் எலும்பும், புதுப்பித்தல் நின்றுபோன எலும்பும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். இரண்டுக்கும் மருத்துவமோ நேர்எதிர்.