வேலைநேர வரம்பும் வலங்கைமானும்

மிகைநேர உழைப்பு என்னுந் தொடரில் ‘மிகை’ என்பது ஓர் அளவை முன்னே வேண்டி நிற்கின்றது. அளவு வரையறுக்கப்படாதவிடத்து மிகைக்கு இடமில்லை. எனவே, உழைப்பாளர் உடல்நல வரலாறு அவ்வளவு யாருக்கு, எப்பொழுது வகுக்கப்பெற்றது என்னும் வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும். இதனை விளக்குதற்குக் குடமுருட்டிக் கரையிலுள்ள வலங்கைமானை நாம் எடுத்துக்கொள்வோம்.

அவ்வூரிற் பிறந்தவர் வ. ச. சீனிவாச சாஸ்திரியார் (1869–1946). 1929-இல் விட்லி என்பார் தலைமையில் அமைந்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். தொழிலாளரின் உடல்நலம், வேலைத்திறன், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றை ஆராய்தல் அக்குழுவிற்கு இட்ட பணிகளுள் ஒன்று. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்திற்கு 60 மணியாக இருந்த வேலையை 54 மணியாகவும், நாளொன்றுக்கு 11 மணியாக இருந்ததை 10 மணியாகவும் குறைக்குமாறு 1931-இல் அது பரிந்துரைத்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஏற்றது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணியென வகுத்து, மிகைநேரத்திற்கு இருமடங்கு கூலியும் விதித்தது.

ஆயின், அக்குழுவின் ஆய்வெல்லை தொழில் நிலையங்களோடும் தோட்டங்களோடும் நின்றது. சாஸ்திரியாரின் ஊரைச் சூழ்ந்த நன்செய்களில் உழைத்த பண்ணையாள் அதனுட் படவில்லை. அவனுக்குப் பருவமே மணிப்பொறி. பறித்த நாற்று வாடுமுன் நடவு முடிதல் வேண்டும். முற்றிய கதிர் மழைக்குமுன் களஞ்சேர்தல் வேண்டும். நாள்முழுதும் சேற்றிற் குனிந்து நட்ட பெண்டிரின் இடுப்புவலியும் சேற்றுப்புண்ணும் எக்கணக்கிலும் ஏறவில்லை. 1943 முதல் பி. சீனிவாசராவ் முதலியோர் கீழத்தஞ்சையில் வளர்த்த விவசாயிகள் இயக்கம் சாட்டையடியையும் சாணிப்பாலையும் ஒழிக்கவே முதற்கண் போராட வேண்டியிருந்தது. உடலுக்கே காப்பில்லாதவிடத்து நேரத்திற்குக் காப்பு எங்ஙனம் அமையும்? 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வேளாண்மையையும் தன் அட்டவணையிற் சேர்த்து, வேலைநாளின் அளவை வகுக்கவும் மிகைநேரக் கூலி வழங்கவும் வழிசெய்தது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தோன்றியது.

வாரத்திற்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரினும், பக்கவாதம் நேரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்டன. ஆயினும் 2023 ஏப்பிரலில் 12 மணி வேலைநாளுக்கு இடந்தரும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒருமுறை வகுத்த அளவு தானே நிலைபெறுவதன்று என்பது இதனாற் பெறப்படும். ஆலைக்கு அளவு வகுக்கச் சென்ற குழுவில் வலங்கைமானின் மகன் ஒருவர் இருந்தார். அவ்வூர்க் கழனிக்கோ அளவு பின்னரே வந்தது. உழைப்பாளர் நலனை ஆராய்வோர் அளவின் உள்ளிருப்போரோடு, புறத்தே நிற்போரையும் ஒருசேர நோக்குதல் வேண்டும் என்பதே நாம் இங்கு நிறுவக் கருதியது.