ஆங்கில ஆசிரியர் சான்றிதழ்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

வன்னியில் ஆங்கிலம் கற்பிக்கச் சான்றிதழ் தேடுவோர், நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துமுன் பயிற்றுநரைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜின் செல்டா கற்கைநெறி நல்ல அளவுகோல். குறைந்தது 120 மணித்தியாலங்கள்; அதில் 6 மணித்தியாலம் உண்மையான மாணவர்களுக்குக் கற்பித்து மதிப்பீடு பெறவேண்டும். ஆகவே பயிற்றுநரிடம் கேளுங்கள்: நீங்கள் எங்கே, எத்தனை ஆண்டுகள் கற்பித்தீர்கள்? நான் கற்பிப்பதை நேரில் பார்த்துக் குறைநிறை சொல்வீர்களா? இடம்பெயர்வால் படிப்பு இடைநின்று, ஆங்கிலம் என்றாலே கூச்சப்படும் ஒருவருக்கு எப்படித் தொடங்குவீர்கள்?

மழுப்பினால் வேறிடம் பாருங்கள்.

இன்னொன்று: அரச பாடசாலை நியமனத்துக்கு இத்தகைய சான்றிதழ் மட்டும் போதாது. தேசிய கல்வியியற் கல்லூரிகளின் 3 ஆண்டு டிப்ளோமா அல்லது பட்டமே அதற்கான வழமையான வழி. 'அரச வேலை நிச்சயம்' என்பவரை நம்பாதீர்கள்.