பஞ்சமி நிலமும் கிறித்தவ மிஷன்களும்

பஞ்சமி நிலம் என்பது சென்னை மாகாண அரசு 1892 முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையுடன் ஒப்படை செய்த நிலம். வருவாய்ப் பதிவேடுகளில் இதற்கு டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பு) நிலம் என்று பெயர். பத்தாண்டு வரை விற்கக் கூடாது; அதன் பிறகும் அதே வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இந்த ஏற்பாடு பிறந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில். பழவேற்காடு உள்ளிட்ட பொன்னேரி வட்டம் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ஈடு வழங்கத் தேவாலயங்கள் முன்வருவதைப் புதுச் செய்தியாகப் படிக்கிறோம். ஆனால் வழிபாட்டுச் சபைகள் ஓர் அடிமைச் சமூகத்துக்காக அரசிடம் நிலம் கேட்டு வாதாடியது இங்கே நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. அதன் வெற்றியும் தோல்வியும் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன: சொத்து கைமாறி, கைமாறிய சொத்து காக்கப்பட்டால்தான் ஈடுசெய்தல் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

அடிமைமுறை இக்கரைக்கு அயலானதல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தது. துணி வாங்க வந்த கம்பெனி, ஆட்களையும் வாங்கியது. 1622–23 பஞ்சத்திலும், 1659–61இல் தஞ்சைப் பகுதி போரிலும் பஞ்சத்திலும் சீரழிந்தபோதும், சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். உள்நாட்டிலோ கப்பல் தேவைப்படவில்லை. பறையர் குடும்பங்கள் மிராசுதார் என்னும் நில உரிமையாளரின் நிலத்தோடு சேர்ந்தே கைமாறின. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. ஆனால் விடுபட்டவருக்கு ஒரு குழி நிலமும் தரவில்லை. பிரிட்டன் தன் மற்றக் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்க 1833இல் ஒதுக்கிய 2 கோடி பவுண்டும் உடைமையாளர்களுக்கே போயிற்று. அடிமைப்பட்டவனுக்குக் கூலி பாக்கி இருக்கிறது என்று அன்றைய சட்டங்கள் எதுவும் நினைக்கவில்லை.

செங்கல்பட்டில் இந்தப் பாக்கியைக் கண்ணால் கண்டவர்களுள் மிஷனரிகளும் உண்டு. ஸ்காட்லாந்து சுதந்திரச் சபையின் ஆடம் ஆண்ட்ரு செங்கல்பட்டிலும், வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி திருவள்ளூர், ஈக்காடு பகுதியிலும் பணியாற்றினார்கள். சேரிகளில் பழகிய இவர்கள் படியாள் முறை என்னும் பண்ணையடிமை முறையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடும்பமே வெளியேற வேண்டும். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து (விண்ணப்பம்) போட்டாலோ, மிராசுதாருக்கே முன்னுரிமை என்று விதி சொல்லிற்று. ஆக, சட்டப்படி விடுதலை பெற்றவன் நிற்க இடமில்லாமல் பழைய ஆண்டையிடமே திரும்பினான். மிஷன்கள் பத்திரிகைகளில் எழுதின, அரசுக்கு மனு மேல் மனு போட்டன. ஆண்ட்ரு மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பையே உருவாக்கி, நிலம் கிடைத்தால் படியாள் உழவனாவான் என்று காட்ட முனைந்தார். மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர் நிலை பற்றி அளித்த அறிக்கையும் மனை, கடன், நிலம் என்ற இதே முடிச்சுகளைத்தான் தொட்டது. இதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று, பஞ்சமி நிலத்துக்கு வழிசெய்த வருவாய்த் துறை ஆணை எண் 1010 வெளிவந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

மிஷன்கள் ஆள் சேர்க்கத்தானே இதைச் செய்தன என்ற மறுப்பு அன்றே எழுந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. மதமாற்றம் அவர்களுடைய வெளிப்படையான நோக்கம். ஆனால் நோக்கத்தை வைத்துச் சான்றைத் தள்ளிவிட முடியாது. மனையின் பேரால் நடந்த மிரட்டலை மிஷனரி அல்லாத அதிகாரி ஒருவர் தம் விசாரணையில் உறுதிசெய்தார். ஆணையும் ஞானஸ்நானம் பெற்றவருக்கு மட்டும் என்று நிலத்தை ஒதுக்கவில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது: நிலம் பல கை மாறிவிட்டது, நல்லெண்ணத்தோடு வாங்கியவர் என்ன குற்றம் செய்தார்? இதற்கு விடை நிபந்தனையிலேயே இருக்கிறது. வேறு வகுப்பாருக்கு விற்ற கிரயம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. பதிவேட்டைப் புரட்டாமல் வாங்கியவருக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை விற்றவரிடம் இருக்கலாம், நிலத்தின் மீது இருக்க முடியாது. ஆனால் நிபந்தனையை அரசு காக்கவில்லை. 1994 அக்டோபர் 10 அன்று காரணைக் கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். கொடுத்த நிலத்தைக் காக்காத அரசு, கேட்டவரைச் சுட்டது என்பதே இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி.

அரசு செய்ய வேண்டியதைச் சபைகள் ஏன் சுமக்க வேண்டும் என்றும் கேட்கலாம். சபைகளும் அநீதியில் பங்காளிகள் என்பதால்தான். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் கல்லூரியை நடத்திய ஜெசுவிட்டுகள் 1838இல் 272 அடிமைகளை விற்றார்கள். அவர்களுடைய சந்ததியினரோடு சேர்ந்து 10 கோடி டாலர் திரட்டுவதாக 2021இல் அச்சபை அறிவித்தது. இங்கிலாந்துத் திருச்சபை, அடிமை வணிகத்தில் ஈடுபட்ட தென்கடல் கம்பெனியில் தன் பழைய நிதி முதலீடு செய்யப்பட்டதைக் கணக்கேடுகளில் கண்டறிந்து, 2023இல் 10 கோடி பவுண்டு ஒதுக்க முன்வந்தது. தமிழ்நாட்டுச் சபைகளின் பங்கு வேறு வகையானது. ஆலயத்துக்குள்ளும் கல்லறையிலும் சாதிவாரிப் பிரிவை அவை நெடுங்காலம் பொறுத்துக்கொண்டன. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியையும் மறுத்தது. மிஷன் வாதாடிய மக்களின் வாரிசுகளுக்கே இந்தக் கதி. வெஸ்லியன், ஸ்காட்லாந்து மிஷன்களின் பணியும் உடைமையும் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு வந்து சேர்ந்தன. அந்த மிஷன்கள் போட்ட மனுக்களும் அனுப்பிய அறிக்கைகளும் நில மீட்பு வழக்குகளுக்குச் சான்றாக உதவக்கூடியவை. அவற்றைத் தேடித் தொகுத்து வெளியிடுவதும், தன் நில ஆவணங்களைத் தானே முன்வந்து திறந்து காட்டுவதும் அத்திருச்சபை உடனே செய்ய வேண்டிய வேலை.