மத்ரா பெற்ற ஊர்

ஓமானின் ரூவி ஹை ஸ்ட்ரீட்டில் தோசை சாப்பிடவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் வருகிற நம்மவர்கள் பலருக்கு, இது எண்ணெய்ப் பணத்தில் நேற்று முளைத்த ஊர் என்றே எண்ணம். உண்மையில் ரூவியைப் பெற்றது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மத்ரா துறைமுகம்.

மஸ்கட் அரசரின் ஊர், மத்ரா வணிகரின் ஊர். உள்நாட்டுப் பேரீச்சம்பழம் ஒட்டகங்களில் வந்து சேர்ந்ததும், இந்திய அரிசியும் துணியும் பாய்மரக் கப்பல்களில் வந்து இறங்கியதும் மத்ராவில்தான். சிந்து, குஜராத் பக்கமிருந்து வந்த வணிகக் குடும்பங்களின் குடியிருப்பான சூர் அல் லவாத்தியா, இன்றும் கடலைப் பார்த்தபடி மதிலோடு நிற்கிறது.

அந்த ஒட்டகங்கள் கடலை எட்டுமுன் கடந்த பள்ளத்தாக்குதான் ரூவி. அங்கே கொஞ்சம் தோட்டம், பலஜ் வாய்க்கால், 19ஆம் நூற்றாண்டில் சையத் சயீத் பின் சுல்தான் கட்டிய பைத் அல் பலஜ் கோட்டை. பள்ளத்தாக்கைப் பிடித்தவருக்குத் துறைமுகம் எட்டும் தூரம். 1915 ஜனவரியில், உள்நாட்டை ஆண்ட இமாமின் படை மஸ்கட்டைக் குறிவைத்து வந்து தோற்றது இங்கேதான். எதிர்த்து நின்றவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாய்கள். பிழைப்புக்காக இங்கே வந்த இந்தியர்களின் வரலாற்றில் அவர்களுக்கும் இடம் உண்டு. நாம்தான் அவர்களைப் பேசுவதில்லை.

கோட்டையருகே பிறகு ஒரு விமானத்தளம் வந்தது. சுற்றிலும் மலை என்பதால் விமானிகளுக்கு அது கடினமான இறங்குதளம். 1973இல் சீப் விமான நிலையம் திறக்கப்பட்டதும் அந்தச் சமதளம் காலியானது. மறு ஆண்டே மத்ராவில் புதிய துறைமுகம், மினா சுல்தான் கபூஸ். அதுவரை கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, சரக்கு படகுகளில்தான் கரையேறியது. இப்போது வியாபாரம் பெருகியது. மத்ராவிலோ மலைக்கும் கடலுக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. வங்கிகளும் அலுவலகங்களும் பழைய விமானத்தளத்துக்கு நகர்ந்தன. அந்தப் பகுதிக்கு இன்றும் மத்ரா பிசினஸ் டிஸ்ட்ரிக்ட் என்றே பெயர். டாக்சியில் எம்பிடி என்றால் போதும்.

2014 ஆகஸ்டு முடிவோடு சரக்குக் கப்பல்கள் சோஹாருக்குப் போய்விட்டன. மத்ராவுக்கு இப்போது வருபவை சுற்றுலாக் கப்பல்கள். பெற்ற ஊர் துறைமுகத் தொழிலை இழந்துவிட்டது; பிள்ளையின் கடைகளில் கூட்டம் குறையவில்லை. பைத் அல் பலஜ் 1988 முதல் படைத்துறை அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை ரூவிக்கு வருகிறவர்கள் அதன் வெள்ளைச் சுவரைத் தாண்டித்தான் மத்ராவுக்குப் போகிறார்கள்.