குஷாய்குடாவில் ஒரு சொந்த மேகம்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, கோல்கொண்டாவைப் பற்றியோ செகந்திராபாத் கண்டோன்மென்டில் குடியேறிய நம் முன்னோரைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது இந்நகரின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள குஷாய்குடாவைப் பற்றி, அங்கே கணிப்பொறி வந்த கதையைப் பற்றி. ஐம்பது அறுபது ஆண்டுக் கதைதான். இருந்தாலும் கண்ணெதிரே மறைந்து கொண்டிருப்பதும் வரலாறுதானே.

குஷாய்குடாவை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பஸ்ஸின் நெற்றிப் பலகையில்தான் பார்த்திருப்பார்கள். பக்கத்திலேயே ஈ.சி.ஐ.எல். நாற்சந்தி. ஏ.எஸ். ராவ் நகர் என்ற குடியிருப்பும் அருகில்தான். அந்த ஏ.எஸ். ராவ் யார் என்று அங்கே வீடு வாங்கியவர்களைக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். அய்யகாரி சாம்பசிவ ராவ். ஹோமி பாபாவோடு பணியாற்றிய அணுசக்தித் துறை விஞ்ஞானி. 1967 ஏப்ரல் 11 அன்று தொடங்கப்பட்ட இந்திய மின்னணுவியல் கழகத்தை, அதாவது ஈ.சி.ஐ.எல்.லை, நிறுவி நடத்தியவர். அணு உலைக்கு வேண்டிய அளவுக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொண்டே இருக்க முடியாது, நாமே செய்ய வேண்டும் என்பதுதான் அதன் பிறப்புக் காரணம். நம்மில் பலருக்கு அந்த நிறுவனம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தால்தான் தெரியும். அந்த இயந்திரத்தைச் செய்யும் இன்னொரு நிறுவனமான பெங்களூர் பி.இ.எல்.லில் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றவர் நம் எழுத்தாளர் சுஜாதா என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆனால் வாக்கு இயந்திரத்துக்கு முன்பே இங்கே கணிப்பொறி இருந்தது. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய கணிப்பொறி. அந்தக் குழுவின் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். அதன் நினைவகம் 2048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். அடுத்து 1969இல் டிராம்பேயில் டி.டி.சி.-12 வந்தது. டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்பதன் சுருக்கம் அது. பெயரில் டிராம்பே இருந்தாலும் அதை உற்பத்தி செய்து விற்றது நம் குஷாய்குடா அயலான ஈ.சி.ஐ.எல். பின்னர் 1970களின் நடுப்பகுதியில் டி.டி.சி.-312ம் 16 பிட் இயந்திரமான டி.டி.சி.-316ம் வெளிவந்தன. கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் தொடர்வினை தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை நிலையத்தின் தரவுகளைச் சேகரித்துக் கண்காணித்தவை இந்த டி.டி.சி.-316 கணிப்பொறிகளே. ஆக, இங்கே பூட்டிய பெட்டி நம் கடற்கரையில் போய் அணு உலைக்குக் காவல் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் அவற்றுக்கு உதிரி பாகம் கிடைப்பது அரிதாகி, வேறு கணிப்பொறிகள் அந்த இடத்துக்கு வந்தன.

1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியதும் இந்தக் கதையோடு சேர்ந்ததே. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்குகளை விட்டுக்கொடுக்க அது சம்மதிக்கவில்லை. அதன் இயந்திரங்கள் நாடெங்கும் ஓடிக் கொண்டிருந்தன. இனி யார் பார்ப்பது? அந்தப் பராமரிப்பை ஏற்றது சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம். இயந்திரம் நம்மிடம் இருப்பது வேறு, அதன் உள் விவகாரம் தெரிந்த ஆள் நம்மிடம் இருப்பது வேறு என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. எனக்கு அது உறைக்க இன்னும் முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2013இல் குஷாய்குடா தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சிறு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். பதினான்கு பேர் நிரல் எழுதுபவர்கள். வாடிக்கையாளரின் நிபந்தனை ஒன்றே ஒன்று: நிரலின் ஒரு வரிகூட அறையை விட்டு வெளியே போகக் கூடாது, அறைக்குள் இணையமும் கூடாது. அமேசான் 2006இலேயே கணிப்பொறியை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தாலும் எங்களுக்கு அது உதவாது. எனவே அறைக்குள்ளேயே ஒரு மேகம் கட்டச் சொன்னார்கள்.

இங்கே ஒரு சொல் விளக்கம். இதற்குத் 'தனியார் மேகம்' என்று சிலர் தமிழில் எழுதுகிறார்கள். அது தப்பு. தனியார் என்றால் அரசு அல்லாதவர். அரசே தனக்கென்று கட்டிக்கொண்டால் அரசுத் தனியார் மேகம் என்றா சொல்வது? விஷயம் உடைமையாளர் யார் என்பதல்ல, பலரோடு பங்கு போடாமல் ஒருவருக்கே ஒதுக்கப்பட்டது என்பது. நான் சொந்த மேகம் என்றே எழுதுகிறேன்.

மேகம் என்ற பெயர் புதிது, சரக்கு பழையது. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கார்பட்டோ குழுவினர் ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். தொலைபேசி போலக் கணிப்பும் ஒரு நாள் பொதுச் சேவையாகலாம் என்று ஜான் மெக்கார்த்தி பேசியதும் அதே ஆண்டு, அதே ஊரில்தான். 1967இல் ஐ.பி.எம்.மின் கேம்பிரிட்ஜ் மையத்தினர் இன்னொரு படி ஏறினார்கள். ஒரு இயந்திரத்தைப் பல இயந்திரங்கள்போல நடிக்க வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கே ஒரு முழுக் கணிப்பொறி இருப்பதாகத் தோன்றும்; அடியில் இருப்பது ஒன்றே. இதுதான் மெய்நிகர் பொறி. லினக்ஸின் உட்கருவிலேயே கே.வி.எம். என்ற பெயரில் 2007இல் அந்த வித்தை சேர்ந்தபோது, பணக்கார இயந்திரங்களின் சொத்தாக இருந்தது எங்கள் மாதிரி ஆட்கள் கைக்கு வந்தது. 2010இல் நாசாவும் ரேக்ஸ்பேஸ் கம்பெனியும் சேர்ந்து ஓப்பன்ஸ்டாக் என்ற இலவச மென்பொருள் தொகுதியை வெளியிட்டார்கள். கே.வி.எம். ஒரு பொறியைப் பிளக்கும். ஓப்பன்ஸ்டாக் பல பொறிகளையும் மேய்க்கும்.

எங்களிடம் மூன்று செர்வர்கள், ஒவ்வொன்றிலும் 64 ஜி.பி. நினைவகம். ஒன்று நிர்வாகத்துக்கும் பொதுத் தட்டுக்கும், மற்ற இரண்டும் உழைப்புக்கு. முதல் நாளே ஒன்றும் ஓடவில்லை. மெய்நிகர் வசதி பயாஸில் அணைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அரை நாள். இணையத்திலிருந்து எல்லாவற்றையும் தானே இறக்கி நிறுவும் டெவ்ஸ்டாக் என்ற நிரல் உண்டு. இணையமே இல்லாத அறையில் அது எப்படி இறக்கும்? உபுண்டுவின் பொதிகள் மொத்தத்தையும் வெளியே ஒரு வட்டில் பிரதியெடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மூன்று பெட்டிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் அனுமதிச் சீட்டு வழங்கும் கீஸ்டோன் தகராறு செய்யும் என்பதால் நேரம் சொல்ல ஒரு பெட்டியை நியமித்தேன். பிணையப் பகுதிக்கு அப்போது குவாண்டம் என்று பெயர். அந்த வருஷமே நியூட்ரான் ஆக்கிவிட்டார்கள். அணுசக்தித் துறை நிறுவனத்துக்கு அடுத்த தெருவில் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

கணக்குதான் இடித்தது. ஆளுக்கு 8 ஜி.பி. என்றால் பதினான்கு பேருக்கு 112. உழைக்கும் பெட்டிகளில் மொத்தம் 128. சோதனைப் பொறிகளுக்கு எங்கே போவது? ஓப்பன்ஸ்டாக்கோ அப்போது இயல்பிலேயே தாராளம்: நினைவகத்தை ஒன்றரை மடங்கும் செயலியைப் பதினாறு மடங்கும் இருப்பதாகக் கருதி வாரி வழங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. சீட்டு ஐம்பது, டிக்கெட் எழுபத்தைந்து என்று நம் ஆர்.டி.சி. பஸ் ஓடுவது மாதிரி. சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினான்கு பேரும் ஒன்றாகத் தொகுக்க ஆரம்பித்தால் பஸ் படிக்கட்டில் ஆள் தொங்கும். முறை வைத்து ஒரு நோட்டுப் போட்டேன்.

அந்த நோட்டைப் பற்றிக் கேட்டுச் சிரித்தவர் எங்கள் குடியிருப்பில் இருந்த ஒரு பெரியவர். கும்பகோணத்துக்காரர், பழைய மினி கணிப்பொறிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏம்ப்பா, நாங்களும் அதே நோட்டுதான் வெச்சிருந்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்கு மெஷின்னா ரெண்டு மணிக்கு வரணும். முன்பலகை ஸ்விட்சைத் தட்டித் தட்டி நாலு கட்டளையைப் போட்டு, காகித நாடாவை ஓடவிட்டு..." என்றார். பிறகு, "உங்க மேகத்துக்கு மாற்றுப் பிரதி எங்கே வெச்சிருக்கே?" என்று கேட்டார். "அதுக்குள்ளேயே தனி பாகம் பிரிச்சு வெச்சிருக்கேன் சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்தார்.

நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பொதுத் தட்டு நிரம்பிவிட்டது. வட்டிலும் இதே தாராளம்தான்: இருந்தது இரண்டு டெராபைட், வாக்களித்தது ஐந்து. பொறிகள் வரிசையாக உறைந்து நின்றன. இடம் பண்ண வேண்டும் என்ற அவசரத்தில் எதை நீக்கலாம் என்று தேடினேன். நோவாவின் அடிப்படைக் கோப்புறையில் நீண்ட எண்ணும் எழுத்துமாகப் பெயர் கொண்ட ஒரு பழைய கோப்பு. தேதியைப் பார்த்தேன்; பழசு. யாரும் தொட்டு மாதங்கள் ஆகின்றன. நீக்கினேன்.

தொடாததற்குக் காரணம் அது அடித்தளம் என்பது. ஒவ்வொருவருடைய மெய்நிகர் பொறியும் முழு வட்டு அல்ல. பொதுவான மூலப் படிமத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்ற வித்தியாசம் மட்டுமே. மூலம் போனால் வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. படிமக் கிடங்கிலிருந்து திரும்ப எடுக்கலாம் என்று ஓடினேன். அங்கே போன மாதம்தான், அதே பெயரில், புதிய திருத்தங்களோடு வேறு படிமத்தை ஏற்றிப் பழையதை அழித்திருந்தேன். அதுவும் நானேதான். நிரல் காப்பகம் இருந்ததும் ஒரு மெய்நிகர் பொறியில். மாற்றுப் பிரதி இருந்ததும் இன்னொன்றில். கிட் முறையில் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும் என்பது பெரிய பாதுகாப்பு. ஆனால் பதினான்கு பிரதிகளும் ஒரே தட்டில் உட்கார்ந்திருந்தால் அது ஒரு பிரதிதான்.

சனிக்கிழமை இரவு ஒரு பையன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். எங்கள் குழுவிலேயே இளையவன், வாரங்கல்காரன். கையில் பென் டிரைவ். "சார், கோப்படாதீங்க" என்று கற்றுக்கொண்ட தமிழில் ஆரம்பித்தான். ஒன்பது நாளுக்கு முந்தைய காப்பகம் முழுவதும் அதில் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்க்க எடுத்துப் போயிருக்கிறான். வேலைக்குச் சேரும்போது அவன் கையெழுத்துப் போட்ட விதிப்படி அது வேலையை இழக்கும் குற்றம். அதை எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. மீட்பு அறிக்கையில் "கிடைத்த பிரதியிலிருந்து" என்று மட்டும் எழுதினேன். யாரும் எந்தப் பிரதி என்று கேட்கவில்லை. அந்தப் பென் டிரைவை அவன் முன்னாலேயே சுத்தியலால் உடைத்தோம். நான் செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை. வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால் சரியில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக மாற்றுப் பிரதிக்கு ஒரு சாதாரணக் கணிப்பொறியை மேகத்துக்கு வெளியே, அதே பூட்டிய அறையின் எதிர்ச் சுவரில் வைத்தேன். அதற்கு மெய்நிகர் எதுவும் கிடையாது. பிறகு ஒரு நோட்டில் எந்தக் கோப்பு எதைத் தாங்குகிறது, எந்தப் பெட்டி முதலில் எழ வேண்டும், எது கடைசியில் என்று கையால் எழுதினேன். பெரியவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார். கணிப்பொறியில் எழுதி வைத்தால் அது விழும்போது படிக்க முடியாது என்பது அவர் வாதம்.

மறு வருஷம், 2014இல், மத்திய அரசு மேகராஜ் என்ற பெயரில் தன் துறைகளுக்கான தேசிய மேகத்தைத் தொடங்கியது. சென்னை சி-டாக் தானே உருவாக்கிய மேக மென்பொருளுக்கு மேகதூதம் என்றே பெயர் வைத்தது. 2022 நவம்பரில் அமேசான் தன் தரவு மையங்களை ஹைதராபாத்திலேயே திறந்தது. வாடகை மேகம் வீட்டு வாசலுக்கே வந்தாயிற்று. நான் கட்டிய மூன்று பெட்டிகளை அதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நோட்டை யாரும் கேட்கவில்லை. இருபத்தெட்டுப் பக்கம், அலமாரியில் இருக்கிறது. பெரியவர் சிவப்பு மையில் திருத்திய இரண்டு இடங்கள் உட்பட.