பொருந்தும் எண்கள் (தானுந்து)

பொருந்தும் எண்கள் என்பது, ஒரு பழைய தானுந்தின் எஞ்சின், கியர்ப்பெட்டி முதலிய முதன்மைப் பாகங்கள் தொழிற்சாலையிலேயே அதில் பொருத்தப்பட்டவைதானா என்பதை, அவற்றில் பொறிக்கப்பட்ட எண்களைக் கொண்டு அறியும் முறையாகும். பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் தானுந்துகளை வாங்குவோர் இதனைக் கையாளுகின்றனர். பொருந்தாத பாகம் பழுதான பாகம் அன்று, நன்றாக இயங்கக்கூடும். ஆனால் தானுந்தின் விலை பெரிதும் குறையும்.

1967 கோர்வெட்

அமெரிக்காவின் செவ்ரோலெட் நிறுவனம் 1967 மாதிரியில் 22,940 கோர்வெட் தானுந்துகளைச் செயின்ட் லூயிசு ஆலையில் உருவாக்கியது. அடிப்படை எஞ்சின் 327 கன அங்குலக் கொள்ளளவும் 300 குதிரைத்திறனும் கொண்டது. 427 கன அங்குல எஞ்சின் 390, 400, 435 குதிரைத்திறன்களில் கிடைத்தது. எல்88 என்னும் பந்தய எஞ்சினுடன் வெளிவந்தவை 20 மட்டுமே. 390 குதிரைத்திறன் எஞ்சினில் மூன்று காபுரேட்டர்களைப் பொருத்தினால் அது 435 குதிரைத்திறன் எஞ்சினைப் போலவே தோன்றும். எனவே தோற்றத்தை மட்டும் நம்பி விலை பேசுதல் தவறாகும்.

எண்களை ஒப்பிடுதல்

எஞ்சினின் முன்புறம், வலப்பக்கச் சிலிண்டர் தலைக்குக் கீழேயுள்ள சமதளத்தில் இரு குறியீடுகள் காணப்படும்.

* தொடர் எண்: தானுந்தின் அடையாள எண் 115200 என முடிந்தால், எஞ்சினில் 7115200 என்றிருத்தல் வேண்டும். முதலிலுள்ள 7 ஆண்டைக் குறிக்கும்.
* தொகுப்புக் குறியீடு: "டி 0315 ஜேஇ" என்பது, டோனவாண்டா ஆலையில் மார்ச் 15 அன்று தொகுக்கப்பட்ட 435 குதிரைத்திறன் எஞ்சினைக் குறிக்கும்.

இவை தவிர, எஞ்சின் வார்ப்பிலேயே வார்ப்பு நாள் அமைந்திருக்கும். இதில் ஏ முதல் எல் வரையிலான எழுத்துகள் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைக் குறிக்கும். "சி 8 7" எனில் 1967 மார்ச் 8 ஆகும். எஞ்சின் முதலில் வார்க்கப்பட்டு, பின்னர் தொகுக்கப்பட்டு, அதன் பின்னரே தானுந்தில் ஏற்றப்படும். வார்ப்பு நாள் தானுந்து உருவான நாளுக்குப் பிந்தியதாயின், அந்த எஞ்சின் அத்தானுந்துக்கு உரியதன்று என்பது உறுதி.

போலி எண்கள்

எண்கள் பொருந்துவது மட்டும் முழுச் சான்றாகாது. பழைய எண்களைத் தேய்த்துவிட்டுப் புதிய எண்களைப் பொறிப்பதும் உண்டு. தொழிற்சாலையில் கடையப்பட்ட சமதளத்தில் மெல்லிய இணைகோடுகள் காணப்படும். தேய்த்தால் அவை மறைந்துவிடும். எனினும், நேர்மையாகப் பழுதுபார்க்கும்போது சிலிண்டர் தலை அமரும் பரப்பை மீண்டும் கடைந்தாலும் அவை மறையும். ஆகவே கோடுகள் இல்லாமை ஐயத்துக்குக் காரணமேயன்றி, மோசடிக்குச் சான்றன்று.

இத்தகைய நிலையில் ஆவணங்கள் துணைபுரியும். 1967 மாதிரியின் உற்பத்திக் காலத்தில், தயாரிப்பு விவரத்தாளை எரிபொருள் தொட்டியின் மேல் ஒட்டும் வழக்கம் தொடங்கியது. உத்தரவாத ஏட்டுடன் வழங்கப்பட்ட உலோகத் தகட்டிலும் எஞ்சின் குறியீடு உண்டு. 1974-இல் தொடங்கப்பட்ட தேசியக் கோர்வெட் மீட்டமைப்பாளர் சங்கத்தின் கையேடுகள் ஒப்பீட்டுக்குப் பயன்படுகின்றன.

பிற்காலத்தில் மாற்றப்பட்ட எஞ்சினைக் கொண்ட தானுந்தை வாங்குவதில் தவறில்லை. அம்மாற்றம் அறிவிக்கப்பட்டு, விலையும் அதற்கேற்ப அமைதல் வேண்டும்.