பட்டியல் யாருடைய கையில்?

புலம்பெயர்ந்து அவுஸ்திரேலியாவுக்கு வந்த எம்மவர் பலருக்கு முதலில் கை கொடுத்த தொழில் சமையல். கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அடுப்படிக்குப் போய், காசு சேர்த்துச் சிறு கடை போட்டவர்கள் சிட்னியில் பெண்டில் ஹில், ஹோம்புஷ் பக்கத்திலும் மெல்பேர்ணில் டண்டினோங், கிளென் வேவர்லி பக்கத்திலும் இருக்கினம். அந்தக் கடைகளின் கதையை எழுதுகிறவர்கள் இடியப்பத்தையும் கொத்துரொட்டியையும் பற்றி எழுதுவார்கள். உணவுப் பட்டியலைப் பற்றி எழுதுவாரில்லை. ஆனால் கடந்த 20 வருட காலத்தில் கடைக்காரரின் கையை விட்டு மெல்ல மெல்லப் போன சாமான் அந்தப் பட்டியல்தான்.

ஊரில் எங்களுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. தேத்தண்ணிக் கடையில் போய்க் குந்தினால் ஒரு தட்டில் வடை, ரோல்ஸ், வாய்ப்பன் எல்லாம் கொண்டு வந்து வைப்பார்கள். தின்றதை எண்ணிக் காசு கொடுத்தால் சரி. யாழ்ப்பாணத்து மலாயன் கபேயில் வாழையிலையைப் போட்டால் கறி வாளி தானாக வரும். என்ன இருக்கு எண்டு கேட்டால் பரிமாறுகிறவர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். வடை தீர்ந்துவிட்டால் "முடிஞ்சுது தம்பி" என்பார், அவ்வளவுதான். இன்றைய கொம்பியூட்டர் பட்டியலில் பெரிய தலையிடியே இதுதான். முடிந்த சாமானை உடனே நிறுத்தி வைக்க மறந்தால் இல்லாத வடைக்கு ஓடர் வந்து நிற்கும், காசும் கட்டுப்பட்டிருக்கும்.

இங்கே வந்த பின் பட்டியல் கடதாசிக்கு ஏறியது. மூன்றாக மடித்த துண்டை வீட்டுத் தபால் பெட்டிகளில் போட்டோம். சனம் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்தது. எங்கட அப்பம் வெள்ளைக்காரன் வாயில் எப்போதோ 'ஹொப்பர்' ஆகியிருந்தது. இடியப்பம் 'ஸ்ரிங் ஹொப்பர்' ஆனது. விலை ஏறினால் பேனையால் வெட்டி எழுதினோம். அவலட்சணமாக இருந்தாலும் வெட்டுகிற பேனை எங்கள் கையில் இருந்தது. ரெலிபோனில் குரலைக் கேட்டே "அண்ணை, உறைப்புக் குறைச்சுத்தானே?" என்று கேட்கிற முதலாளிமாரும் இருந்தார்கள்.

கொம்பியூட்டரில் சாப்பாட்டுக்கு ஓடர் கொடுப்பது 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரில் பீற்சா ஹட் கொம்பனி இதைப் பரீட்சித்துப் பார்த்தது. பக்கத்துக் கடைக்குக் கொடுத்த ஓடர் முதலில் கன்சஸ் மாநிலத்து விச்சிற்றா நகரத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி அதே ஊர்க் கடைக்கு வரும். சிரிப்பாக இருக்கும், ஆனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அச்சாரம் அதுதான். கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து குந்திவிட்டார்.

அவுஸ்திரேலியாவில் அந்த மூன்றாவது ஆளாகச் சின்னக் கடைகளுக்குப் பழக்கமானது மெனுலொக். 2006இல் சிட்னியில் தொடங்கிய கொம்பனி. ஆரம்பத்தில் அவர்கள் பட்டியலைப் போட்டு ஓடரை மட்டும் எடுத்துத் தருவார்கள். கொண்டு போய்க் கொடுப்பது கடைக்காரரின் பாடு. துண்டு அச்சடிக்கிற செலவு மிச்சம் என்று பலர் சேர்ந்தார்கள். 2015இல் லண்டனில் இருந்த ஜஸ்ற் ஈற் கொம்பனி அதை 855 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு வாங்கியது. சமையலறை ஒன்றுகூட இல்லாத கொம்பனிக்கு இந்த விலை. வாங்கப்பட்டது ஆயிரக்கணக்கான கடைகளின் பட்டியல்களும், அவற்றில் ஓடர் கொடுக்கப் பழகிய சனத்தின் விபரமும்தான்.

2016இல் ஊபர் ஈற்ஸ் மெல்பேர்ணுக்கு வந்தது. ஆள் வைத்துக் கொண்டு போய்க் கொடுத்தது, தரகையும் கூட்டியது. 100க்கு 35 வரை எடுத்த காலம் உண்டு. 20 டொலர்க் கொத்துரொட்டியில் 7 டொலர் அங்கே போனால், மிச்சத்தில் இறைச்சி, வாடகை, காஸ், சம்பளம் எல்லாம் பார்க்க வேண்டும். போகிற வழியில் சாப்பாடு பழுதானாலும் காசைத் திருப்புகிற பொறுப்பு கடைக்காரருக்கு என்ற மாதிரி ஒப்பந்தம் இருந்தது. போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு தலையிட்ட பிறகே, 2019இல், அந்த நிபந்தனையை மாற்ற ஊபர் ஈற்ஸ் சம்மதித்தது. (சாப்பாட்டைக் காவிக்கொண்டு ஓடுகிற பெடியளின் கதை வேறு. 2020 செப்ரெம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் ஐந்து பேர் வீதியில் உயிரை விட்டார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. கடதாசிப் பட்டியலைச் சனம் வாசித்தது. இந்தப் பட்டியலைத் தேடுகிறது. கொத்துக்கு ஆங்கிலத்தில் 'ரி' ஒன்றா இரண்டா, 'எச்' வேண்டுமா என்பது எங்களுக்கு வேடிக்கை. தேடுகிறவர் அடிக்கிற எழுத்தும் கடைக்காரர் போட்ட எழுத்தும் பொருந்தாவிட்டால் கடை கண்ணில் படாமலே போகலாம். பிட்டும் ஒடியல் கூழும் 'இந்திய உணவு' என்ற பெட்டிக்குள் கிடப்பதைக் கண்டிருக்கிறேன், 'இலங்கை' என்ற பெட்டிக்குள்ளும் கண்டிருக்கிறேன். 'தமிழ்' என்றொரு பெட்டியை நான் இன்னும் காணவில்லை.

2020 மார்ச் 23ஆம் திகதி நாடு முழுவதும் உணவகங்களில் இருந்து சாப்பிடுவது நிறுத்தப்பட்டது. மெல்பேர்ண் ஆறு முடக்கங்களில் மொத்தம் 262 நாள் வீட்டுக்குள் கிடந்தது. அந்த நேரம் கொம்பனிகளின் பட்டியல் இல்லாத கடைக்குச் சீவியம் இல்லை என்ற நிலை. கடைகள் திறந்தபோது மேசையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் ஒட்டியிருந்தன. இந்தக் கியூ ஆர் குறியும் 1994இல் பிறந்ததுதான். யப்பானில் டென்சோ வேவ் கொம்பனி கார் உதிரிப்பாகங்களை அடையாளம் காணச் செய்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் கடை வாசலில் பதிவு செய்யப் பழகிய எங்கட அம்மம்மாமார்கூட இப்போது மேசையில் போனைப் பிடிக்கினம். இந்தப் பட்டியலைக் கடைக்காரர் தானே செய்யலாம், விலையைத் தானே மாற்றலாம். கையை விட்டுப் போன பேனை ஓரளவுக்குத் திரும்பி வந்தது இதனால்தான்.

நடுவில் நின்றவர்களும் நிலைக்கவில்லை. பூடோரா 2018இல் போனது. டெலிவரூ 2022 நவம்பரில் திடீரென நின்றது. மெனுலொக்கின் சொந்தக்காரக் கொம்பனி 2020இல் அம்ஸ்ரடாம் கொம்பனியோடு இணைந்து, 2025இல் புரோசஸ் என்ற இன்னும் பெரிய கொம்பனியின் கைக்குப் போனது. அதே வருடம் நவம்பர் 26ஆம் திகதியோடு அவுஸ்திரேலியாவில் மெனுலொக் மூடப்பட்டது. கிட்டத்தட்ட 20 வருடம். அங்கே மட்டும் பட்டியல் வைத்திருந்த கடைக்காரருக்குப் படங்களும் விமர்சனங்களும் பழைய வாடிக்கையாளரும் அதோடு போச்சு.

ஆகவே கடை வைத்திருக்கிற உறவுகள் கொம்பனிகளில் சேர்ந்திருந்தாலும் சொந்தப் பெயரில் ஒரு பக்கம் வைத்திருப்பது நல்லது. 2022 மார்ச்சில் இருந்து நேரே '.ஏயூ' என்று முடியும் முகவரி எடுக்கலாம். கூகுளில் கடையின் பட்டியலைப் போடக் காசில்லை. சம்பலில் மாசி இருந்தால் மீன் என்றும், நல்லெண்ணெய் என்றால் எள்ளு என்றும், கஜு விழுந்திருந்தால் அதையும் போடுங்கோ. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

வீட்டில் சமைத்து விற்கிற எங்கட பெண்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் வட்ஸ்அப்பில் தமிழிலேயே பட்டியல் வருகிறது: "சனி கணவாய்க் கறி, பிட்டு. ஞாயிறு ஒடியல் கூழ். பாத்திரம் கொண்டு வரவும்." தரகும் இல்லை, 'ஸ்ரிங்'கும் இல்லை. ஆனால் வீட்டுச் சமையலும் சட்டத்துக்கு உணவு வியாபாரம்தான். விக்ரோறியாவில் 1984ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்படி நகரசபையில் பதிய வேண்டும். நியூ சவுத் வேல்ஸிலும் தொடங்க முதல் அறிவிக்க வேண்டும். படிவம் நிரப்பக் கஷ்டமென்றால் சங்கத்தில் ஆரையாவது கேளுங்கோ.